பிறர் காணியும் நமது அக்லாக்கும்

எல்லாப் புகழும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே உரித்தாகட்டும். ஸலாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

மென்மையாகப் பேசுபவரையும், பள்ளிவாசலுக்கு வாரி வழங்குபவரையும் நாம் நல்லொழுக்கம் உடையவர் என்கிறோம். ஆனால் ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா' என்ற நூலில், ஒழுக்கம் என்பது தனியொரு செயலன்று, உள்ளத்தில் வேரூன்றிவிட்ட ஒரு நிலை என விளக்குகின்றார்கள். அந்த நிலையிலிருந்து செயல்கள் தயக்கமின்றித் தாமாகவே வெளிப்படும். ஆகவே, நமக்கு நட்டம் வரும்போதுதான் நமது அக்லாக்கின் உண்மை நிலை தெரியவரும். வன்னியில் வாழும் நமக்கு அந்தச் சோதனை பெரும்பாலும் காணியின் வடிவிலேயே வருகின்றது.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும் வீடு, வயல், கிணறு அனைத்தையும் விட்டுச் சென்றனர். பின்னர் தமிழ் மக்களும் போரினால் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். 2009இல் இலட்சக்கணக்கானோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்தனர். இவ்வாறு ஊர்கள் வெறுமையாகிய காலத்தில், ஒருவரது வளவில் மற்றொருவர் குடியேறுவதும் நிகழ்ந்தது.

இப்போது கேள்வி இதுதான்: அந்தக் காணி யாருக்குரியது?

சட்டம் ஒரு பதிலைத் தருகின்றது. 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, தனியார் காணியொன்றை உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். துப்பாக்கிக்கு அஞ்சி ஓடியவருக்கு இது அநீதியாகும் என்பதால், 2016இல் பாராளுமன்றம் விசேட சட்டமொன்றை இயற்றி, போரினால் தம் காணிக்குத் திரும்ப முடியாதிருந்தவர்களுக்கு நிவாரணம் அளித்தது. இதிலிருந்து என்ன விளங்குகின்றது? சட்டமும் நீதியும் ஒன்றல்ல. நீதியைக் கொண்டே சட்டம் திருத்தப்படுகின்றது.

நாவன்மையால் வழக்கை வென்று சகோதரனின் ஹக்கைப் பெற்றுக்கொள்பவர், உண்மையில் நெருப்புத் துண்டொன்றையே பெறுகின்றார் என்பது நபியவர்களின் எச்சரிக்கை. தீர்ப்பு வழங்கியவர் நபியவர்களாகவே இருந்தாலும் இதுவே நிலை. நீதிமன்றத்தின் தீர்ப்பு ஹராமை ஹலாலாக்கிவிடாது.

நேயர்களே! ஒரு செயலை நன்மை என்றோ தீமை என்றோ எதைக் கொண்டு அளப்பது? செயலின் விளைவைப் பார் என்றார் ஆங்கிலேய அறிஞர் பெந்தம். கடமையைப் பார், எந்த மனிதனையும் வெறும் கருவியாகப் பயன்படுத்தாதே என்றார் ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட். நமது மார்க்கமோ நிய்யத்தை முதலில் வைக்கின்றது. ஆயினும் அதோடு நின்றுவிடுவதில்லை.

செல் வீச்சுக்குத் தப்பி, பிள்ளைகளுடன் வந்து வெற்று வீட்டில் ஒதுங்கியவரின் நிய்யத் களவு அல்ல. நிர்ப்பந்தம் அவருக்குப் பாவத்தை நீக்குகின்றது. ஆனால் நிர்ப்பந்தம் பிறருடைய உரிமையை அழித்துவிடாது என்பது ஃபிக்ஹ் சட்டவிதி. பசியால் சாகும் நிலையில் இருப்பவன் மற்றவனின் ரொட்டியை உண்ணலாம். பின்னர் அதன் விலையைக் கொடுத்தேயாக வேண்டும். அவ்வாறே, ஆபத்து நீங்கிய பின்னரும் வளவைப் பிடித்து வைத்திருப்பது அநியாயமாகும்.

உரிமையாளருக்கும் கடமை உண்டு. வேறு போக்கிடம் இல்லாத குடும்பத்தை ஒரே நாளில் வீதியில் இறக்கிவிடுவது அவருக்கு உரிமையாக இருக்கலாம், இஹ்ஸான் ஆகாது. தவணை கொடுங்கள். அவர்கள் நட்ட தென்னைக்கும் கட்டிய சுவருக்கும் பேசித் தீர்வு காணுங்கள். ஆயுதம் தாங்கியோர் செய்ததற்கு அயலிலுள்ள தமிழ்க் குடும்பம் பொறுப்பல்ல. ஓர் ஆன்மாவின் சுமையை மற்றோர் ஆன்மா சுமக்காது என்பதும், ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யக் கூடாது என்பதும் அல்குர்ஆனின் போதனைகள். 'நடுவு நிலைமை' என்று தனி அதிகாரமே வகுத்த திருக்குறளைப் போற்றும் நம் அயலவர்களுக்கும் இந்த நீதி புதியதல்ல.

இந்த அளவுகோலை நம் பக்கமும் திருப்புவோம். இடம்பெயர்ந்த தமிழ்ச் சகோதரரின் காணியை, தங்கையின் பங்கை, பாதுகாக்கத் தந்த அமானிதத்தை நம்மில் எவரேனும் வைத்திருந்தால், அவருக்கும் இதே சட்டம்தான். பாவத்தை விடுதல், வருந்துதல், மீளச் செய்வதில்லையென உறுதிகொள்ளுதல் ஆகிய மூன்றும் தௌபாவின் நிபந்தனைகள். பிறர் உரிமை சம்பந்தப்பட்ட பாவமாயின், அதை உரியவரிடம் ஒப்படைப்பதும் நான்காவது நிபந்தனை என இமாம் நவவி (ரஹ்) எழுதியுள்ளார்கள். உரியவர் மரணித்திருந்தால் வாரிசுகளைத் தேடிக் கொடுக்க வேண்டும்.

எனவே இன்றே உங்கள் உறுதியை எடுத்துப் பாருங்கள். பின்னர் வேலியையும் சென்று பாருங்கள். இரண்டும் ஒத்திருக்காவிட்டால், அயலவரை நீங்களே முதலில் அழைத்துப் பேசுங்கள்.

பிறர் ஹக்கைச் சுமந்தவர்களாக அன்றி, நீதியைப் பேணியவர்களாக நம் அனைவரையும் அல்லாஹ் தன்னிடம் அழைத்துக் கொள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.