எக்ஸ்ரே சொல்லாத இரண்டு வாரம்

ஆடிக் கிருத்திகையன்று காவடி சுமந்து, திருத்தணி மலையின் 365 படிகளையும் வெறுங்காலோடு ஏறுகிறவர்களில் நம் மணவூர்க்காரர்களும் உண்டு. அவர்களில் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்குக் கல் குத்தினாலும் தெரியாது. நாலு நாள் கழித்துக் கசிவைப் பார்த்த பிறகுதான் புண் இருப்பதே தெரியவரும். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டதும் இதையே: வலி தெரியாததால்தான் கால் மறுபடி மறுபடி புண்ணாகிறது.

புண்ணின் கிருமி எலும்பைத் தொட்டுவிட்டதா? எக்ஸ்ரே உடனே சொல்லாது. எலும்பின் சுண்ணாம்புச் சத்து கணிசமாகக் கரைந்த பிறகே அதில் மாற்றம் தெரியும். இரண்டு வாரம்கூட ஆகலாம். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்று நிம்மதியாக வீடு திரும்பும் அந்த இரண்டு வாரம்தான் என் கவலை.

கிருமி எலும்பைத் தொட்டதை எலும்பு ஸ்கேன் இரண்டு மூன்று நாளிலேயே காட்டிவிடும். டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை எலும்பு நாடும் மருந்தோடு சேர்த்துக் கை ரத்தக் குழாயில் ஊசியாகப் போடுகிறார்கள். அதன் வீரியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதால் இருப்பு வைக்க முடியாது. ஆகவே அதன் தாய்ப்பொருளான மாலிப்டினத்தை ஈயக் கவசத்துக்குள் வைத்து, உப்புநீர் செலுத்தி அன்றன்றைக்கு வேண்டியதைப் பிரித்தெடுக்கிறார்கள். பசுவைக் கறப்பது என்றே அத்துறையினர் இதைச் சொல்வார்கள்.

ஊசி போட்டதும் ரத்த ஓட்டத்தின் படம். பிறகு நிறையத் தண்ணீர் குடித்து மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். எலும்பு பரபரப்பாக வேலை செய்யும் இடத்தில் மருந்து கூடுதலாகச் சேரும். படத்தில் அது அடர்ந்து தெரியும். நம் மணவூருக்கு அடுத்த ரயில் ஸ்டேஷன் திருவாலங்காடு. உடம்பின் சதையை உதறி எலும்புருவான காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த ஊர். இந்த ஸ்கேன் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்மையார் நினைவு வரும்.

ஆனால் எலும்பு முறிவும், பழைய ஆபரேஷனும்கூட இதே போலத் தெரியும். பாத எலும்புக்குப் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ.தான் தெளிவானது. உள்ளே உலோகத் தகடு இருந்து படம் மங்கினாலோ, சந்தேகம் தீராவிட்டாலோ இன்னொரு வழி உண்டு. நோயாளியின் ரத்தத்தை எடுத்து, வெள்ளையணுக்களைப் பிரித்து, அவற்றில் கதிரியக்கப் பொருளை ஏற்றி, அவர் உடம்புக்கே திருப்பிச் செலுத்துவார்கள். கிருமியைத் தேடிப்போவது அவற்றின் இயல்பு. அவை எலும்பில் போய்க் கூடினால், ஆறு வாரம் வரை மருந்து தொடரலாம். சிலருக்கு விரலை எடுக்கும் ஆபரேஷனும் தேவைப்படும். கிருமி மேல்தசையோடு நின்றுவிட்டால், மருந்தும் குறைவு, விரலும் மிஞ்சும்.