மோட்டரைக் குறை சொல்லும் முன்



ஷவரைத் திறந்தால் தண்ணீர் நூலாக இறங்குகிறது, மாடிக் குழாய் காற்றைக் கக்குகிறது. கற்பிட்டியிலிருந்து உடப்பு வரை இந்தக் கரையோர வீடுகளில் அடிக்கடி கேட்கிற முறைப்பாடு இது. அதற்கு வழமையாகக் கிடைக்கும் தீர்ப்பு, "மோட்டர் காணாது, பெருசா ஒண்டு போடுங்க" என்பதுதான். அந்தத் தீர்ப்பை அவசரப்பட்டுச் சொல்லாத மோட்டர் பாஸ்மாரின் கைவேலையைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். மற்றவரை, தேத்தண்ணி கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடலாம்.

கைதேர்ந்தவர் வந்ததும் முதலில் கேட்பது வாளி. தாங்கிக்கு ஏறும் பைப்பை மோட்டருக்குப் பக்கத்திலேயே கழற்றி, 20 லீற்றர் வாளியைப் பிடித்து, மணிக்கூட்டைப் பார்ப்பார். வாளி மளமளவென்று நிரம்பினால் கிணற்றிலும் மோட்டரிலும் பழுதில்லை, கோளாறு வீட்டுப் பக்கம். நிரம்ப மறுத்தால் கோளாறு கிணற்றுப் பக்கம். இவ்வளவுதான் சோதனை. ஆனால் இதைச் செய்யாமலே மாற்றப்பட்ட மோட்டர்கள் எத்தனையோ. எல்லாம் ஒழுங்காக ஓடுகிற ஒரு நாளில் வாளி நிரம்பும் நேரத்தை அளந்து சுவரில் எழுதி வைத்திருக்கிற வீட்டுக்காரர், பாஸின் வேலையில் பாதியை முடித்துக் கொடுத்தவர்.

கிணற்றுப் பக்கம் என்றால் சந்தேகம் முதலில் போவது அடியில் கிடக்கும் புட் வால்வுக்கு. நம்முடைய மண் பொடி மணல். ஒரு சிட்டிகை மணல் வால்வின் வாயில் சிக்கினாலே மூடி சரியாக உட்காராது. இரவில் பைப்பிலுள்ள தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் இறங்கிவிடும். காலையில் ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஊற்றித்தான் மோட்டரை எடுக்க வேண்டியிருக்கிறதென்றால் வேறு சாட்சி தேவையில்லை.

அடுத்தது காற்று. ஓட்டை விழுந்த குழலால் இளநீர் குடித்துப் பாருங்கள், அதே கதைதான் இங்கும். உறிஞ்சு பைப்பில் வெடிப்பு இருந்தால், மோட்டர் ஓடும்போது வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது. காற்றைத்தான் உள்ளே இழுக்கும். அதனால் கண்ணுக்குப் பிடிபடாது. நல்ல பாஸ் சவர்க்கார நுரையை விரலால் எடுத்து ஒவ்வொரு மூட்டிலும் தடவிக்கொண்டே போவார். ஓரிடத்தில் நுரை சுருங்கி உள்ளே போய்விடும். இதைப் பார்ப்பதற்காகவே பக்கத்தில் நிற்கலாம். பிறகு மெயின் சுவிட்சை நிறுத்தி, அந்த மூட்டைக் கழற்றித் துடைத்து, திரெட் டேப் சுற்றி இறுக்குவார். செலவு சொற்பம்.

அடுத்தது ஆழம். எவ்வளவு பெரிய மோட்டரானாலும் மேலே இருந்துகொண்டு உறிஞ்சுவதற்கு ஓர் எல்லை உண்டு. தண்ணீரைப் பைப்பில் மேலே தள்ளுவது காற்றுமண்டலத்தின் அழுத்தம். அது தாங்குவது ஏறத்தாழ 10.3 மீற்றர் தண்ணீரை. நடைமுறையில் ஏழெட்டு மீற்றர் கிடைத்தாலே பெரிது. இத்தாலியப் பம்புக்காரர்கள் இந்த எல்லையில் முட்டி நின்றதைக் கலிலியோ 1638இல் அச்சான நூலில் எழுதினார். காரணத்தைப் பாதரசக் குழாயால் காட்டியவர் டொரிசெல்லி. குதிரைவலுவைக் கூட்டினாலும் இயற்கை அந்தப் 10 மீற்றரைக் கூட்டித் தராது.

மோட்டருக்குள் மணல் தேய்த்த இம்பெல்லர், உப்புக்காற்றில் துருவேறிய உறை, பழுதான கப்பாசிட்டர் என்பவையும் உண்டு. அவை திறந்து சோதித்தால் தெரிந்துவிடும்.

வீட்டுப் பக்கம் வருவோம். 500 லீற்றர் தாங்கியை எடுத்துவிட்டு 1000 லீற்றர் வைத்தால் வேகம் கூடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூடாது. அழுத்தம் உயரத்திலிருந்து வருவது. 10 மீற்றர் உயரத்துக்கு ஒரு பார். தாங்கி குழாயைவிட 5 மீற்றர் உயரத்தில் நின்றால் கிடைப்பது அரை பார், அதுவும் பைப்பின் உராய்வு தின்றது போக மிச்சம். அந்த உராய்வுதான் பெரிய கள்ளன். அரை அங்குல எஸ்லோன் பைப்புக்குப் பதில் முக்கால் அங்குலம் போட்டால், அதே அளவு தண்ணீருக்கு அழுத்த இழப்பு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். புத்தளத்தின் சுண்ணாம்புக்கல் தண்ணீர் வேறு, ஷவரின் கண்களில் வெள்ளையாகப் படிந்து அடைக்கும். கழற்றி ஓர் இரவு வினாகிரியில் ஊறப் போட்டால் போதும்.

அழுத்தத் தாங்கி வைத்த வீடுகளில் மோட்டர் நிமிடத்துக்கு நிமிடம் எடுத்து எடுத்து நின்றால், பெரும்பாலும் உள்ளே காற்றுக் குறைந்திருக்கும். சுவிட்சை நிறுத்தி, தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டு, மோட்டர் எடுக்கும் அழுத்தத்தைவிட 2 பிஎஸ்ஐ குறைவாகக் காற்று நிரப்ப வேண்டும். 30இல் எடுப்பதானால் 28.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். கற்பிட்டித் தீபகற்பத்துக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நடுவில் மணலுக்குள் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்து கிடக்கிறது. கைபன், ஹெர்ஸ்பேர்க் என்ற இருவர் ஐரோப்பியக் கடற்கரைகளில் கண்ட கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் பாருங்கள்: மேலே ஒரு சாண் இறங்கினால் கீழிருந்து உப்பு பல முழம் ஏறத் துடிக்கும். பெரிய மோட்டர் போட்டு ஒரே இடத்தில் வேகமாக இழுத்தால், அந்த இடத்துக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக எழும்பி வரும். ஷவர் நன்றாகப் பாயும், தேத்தண்ணிதான் கரிக்கும். தோட்டக் கிணறுகளும் வீட்டுக் கிணறுகளும் அருகருகே இருக்கும் நிலத்தில், உங்கள் மோட்டரின் பசி பக்கத்து வீட்டுக்காரரின் கிணற்றையும் தொடும்.

அதனால் இங்குள்ள அனுபவசாலிகள் கிணற்றில் சிறிய மோட்டரையே வைத்து, அதை ஆறுதலாக அதிக நேரம் ஓட்டித் தாங்கியை நிரப்பச் சொல்கிறார்கள். ஷவர் வேகமாகப் பாய வேண்டுமென்ற ஆசை விடவில்லையென்றால், தாங்கிக்கும் குளியலறைக்கும் இடையில் ஒரு சின்ன பூஸ்டர் பம்ப். அது தாங்கியில் நிற்கும் தண்ணீரைத்தான் தள்ளும், கிணற்றை வேகமாக இழுக்காது.