செஞ்சி மலையரண்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் செஞ்சிக்கோட்டை. ஊர் பார்த்துவந்த கதையை உரைப்பதற்கோ இம்மேடை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அரண் என்பது இன்னதென்று திருவள்ளுவப் பெருந்தகையார் ஓர் அதிகாரம் வகுத்துப் பத்துக் குறட்பாக்களால் உரைத்துள்ளார். அதனை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருபவர் யாம். எனினும், அவ்வதிகாரத்திற்குக் கல்லால் எழுதிய உரையொன்று உண்டென்பதைச் செஞ்சிக்குச் சென்றபோதே கண்டோம். அவ்வுரை நம் சங்கத்திற்கும் பயன்படும் என்பது எம் துணிபு.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது செஞ்சி. கார்த்திகை மழை ஓய்ந்த சின்னாட்களில் மாணவர் சிலரோடு யாம் அங்குச் சென்றோம். வழிநெடுக ஏரிகள் நிறைந்திருந்தன. மதகுகளினின்று பாய்ந்த நீர் வாய்க்கால்தோறும் ஓடிற்று. ஒருபுறம் நெல்லின் இளம்பசுமை. ஒருபுறம் கரும்பின் அடர்பசுமை. இடையே வரப்புகளில் நிரையாக நிற்கும் பனைகள். அப்பசுமைக்கு நடுவே, பெரும்பாறைகளை யாரோ அள்ளிக் குவித்தாற்போல மலைகள் எழுந்து நிற்கின்றன.

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து, இடைப்பட்ட நிலத்தையும் உள்ளடக்கி அமைத்ததே இக்கோட்டை. இதனை முதற்கண் கட்டியவர் ஆனந்தக்கோன் என்னும் தலைவர் என்பது செவிவழி மரபு. பின்னர் விசயநகர ஆட்சியின்கீழ்ச் செஞ்சி நாயக்கர்கள் இதனைப் பெருக்கினர். மதில் சில இடங்களில் சுமார் 60 அடி அகலமுடையது. அதனைச் சார்ந்து அகழியும் உண்டு.

நீரும் வெளிநிலமும் மலையும் காடும் அரணுக்கு உறுப்புக்கள் என்பார் வள்ளுவர். அந்நான்கும் ஈண்டு ஒருங்கே உள்ளன. அவற்றுள் நீரமைப்பே எம்மைப் பெரிதும் வியப்பித்தது. கோட்டைக்குள் செட்டிகுளம், சக்கரைக்குளம் என இரு குளங்கள் உள. கலியாண மகால் என்னும் அடுக்கு மாளிகைக்கு மண்குழாய்கள் வழியே நீர் கொண்டுவந்தனர். பாறையிடுக்குகளிலும் சுனைகளைக் காத்து வைத்தனர். குன்றின் அடியில் வளைந்த கூரையுடைய நெற்களஞ்சியங்கள் நிற்கின்றன. அவற்றுள் நுழைந்து ஒரு மாணவன் குரல் கொடுத்தான். அவன் குரல் பன்மடங்காகி அவனுக்கே திரும்பிவந்தது. பகைவர் வருமுன்னரே உணவைச் சேர்த்துவைக்கும் அறிவு அக்களஞ்சியச் சுவர்களிற் புலனாகின்றது.

இராசகிரி சுமார் 800 அடி உயரமுடையது. படிகள் ஏறுந்தோறும் வாயிலுக்குமேல் வாயில் வந்து வழியை மறிக்கின்றது. முடிவில், சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமுமுள்ள பிளவொன்று எதிர்ப்படுகின்றது. அதன்மேல் இட்ட பாலத்தை வாங்கிவிட்டால் உச்சிக்குச் செல்ல வழியில்லை. ஒரு சிலரே நின்று பெரும்படையைத் தடுத்தற்குரிய இடம் அது. உச்சியில் அரங்கநாதர் கோயில் உள்ளது. அங்கிருந்து நோக்கின், கீழே ஏரிகள் கண்ணாடிபோல் ஒளிர, வயல்கள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போற் கிடக்கின்றன.

இத்துணை வலிய கோட்டை எவர்க்கும் வசப்படாது நின்றதோ? அன்று. முற்றுகையிட்டும், முற்றுகையின்றிப் பாய்ந்து தாக்கியும், உள்ளிருப்பாரை வசப்படுத்தியும் கொள்ளுதற்கு அரியதே அரண் என்று வள்ளுவர் மூவழிகளைச் சுட்டுகின்றார். அம்மூன்று வழிகளாலும் வீழ்ந்தது செஞ்சி!

1677-இல் சிவாசி மன்னர் பீசப்பூர்த் தலைவரிடமிருந்து இதனைப் பெற்றார். பெரும்போர் நிகழவில்லை; பொருளும் நிலமும் தருவதாகப் பேசியே கோட்டை கைம்மாறிற்று என்பர். 1690 முதல் அவர் மைந்தர் இராசாராமை உள்ளே வைத்து, சுல்பிகார்கான் தலைமையில் மொகலாயப் படை முற்றுகையிட்டது. வெளியே இருந்தோர்க்குள்ளேயே பிளவு உண்டாயிற்று. ஔரங்கசீப்பின் மகன் காம்பட்சு பகைவரோடு மறைவாகத் தொடர்பு கொண்டதால் தம் படையினராலேயே சிறைப்படுத்தப்பட்டார். இங்ஙனம் நீண்ட முற்றுகை 1698-இல்தான் முடிந்தது. இராசாராம் அதற்குமுன்னரே தப்பிச் சென்றார். 1750 செப்டம்பரிலோ, புசி என்னும் பிரெஞ்சுத் தளபதி ஓரிரவில் தாக்கி, பொழுது புலருமுன் கோட்டையைக் கைக்கொண்டார். 1761-இல் புதுச்சேரி வீழ்ந்தபின், இதுவும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

மலை அன்றும் இதே மலை. மதிலும் இதே மதில். எட்டாண்டு தாங்கிய அரண் ஓரிரவில் வீழ்ந்தது ஏன்? காப்போர் மாறினர். எத்துணைச் சிறப்புடையதாயினும், செயல்வன்மை உடையார் இல்லாவிடத்து அரண் இருந்தும் பயனில்லை என்று அவ்வதிகாரத்தை வள்ளுவர் முடிக்கின்றார். செஞ்சிப் படிகளில் இறங்குங்கால் அதன் பொருள் எமக்கு நன்கு விளங்கிற்று.

தேசிங்குராசனை எண்ணிப் பாருங்கள். 1714-இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் பெரும்படையைச் சிறுபடையோடு எதிர்த்துப் போர்க்களத்தில் மாய்ந்த இளைஞன் அவன். இராசபுத்திரனாகிய அவனும், முசுலிமாகிய அவன் தோழன் மாவத்துக்கானும் ஒருவர்க்காக ஒருவர் உயிர் ஈந்தனர் என்று கதைப்பாடல் போற்றுகின்றது. வென்ற நவாபைப் பாடுவார் இலர். தோற்ற அவ்விருவரையே நாட்டுப்புறத்தார் பல தலைமுறையாகப் பாடினர். கல் காவாத பெயரை நட்பு காத்தது.

2025 சூலையில், மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டனை உலக மரபுச் சின்னமாக யுனெசுக்கோ அறிவித்தது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிரத்தன. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. ஆயினும், ஆங்குச் சுவர்தோறும் கரியாலும் ஆணியாலும் பெயர் எழுதியிருக்கக் கண்டு யாம் வருந்தினோம். பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லும் பெற்றோர்காள்! பெயரைச் சுவரிற் பொறிப்பது பெருமையன்று என்பதை அவர்க்குப் புகட்டுங்கள்.

இனி, நம் சங்கத்தைப் பற்றி ஒரு சொல். புதிய கட்டடம் எழுப்பப் பொருள் திரட்டி வருகின்றோம், நன்று. மதில் வேண்டும் என்பதை யாம் மறுப்போமல்லோம். ஆனால், மதிலுக்கு முன்னே குளமும் களஞ்சியமும் வேண்டும். ஏழை மாணவர்க்கு நூலும் கட்டணமும் அளிக்கும் நிதியே நம் களஞ்சியம். அது குறைந்திருக்கையில் கூடம் மட்டும் உயருமாயின், அது செஞ்சியின் வெறும் மதிலாகவே முடியும். இரு குழுவாகப் பிரிந்து நிற்பதையும் இன்றோடு விடுவோமாக. வெளியே இருந்து நம்மை முற்றுகையிடுவார் எவருமிலர். திரட்டும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் கால்பங்கை மாணவர் நிதிக்கு ஒதுக்குமாறு பொதுக்குழுவினரை வேண்டி, எம் உரையை நிறைவு செய்கின்றோம்.