ஒப்புக்கொடுத்தல் என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா?

(தோட்டக் குடும்பங்களின் தவக்கால ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



மலையில் கொழுந்து எடுத்து, நிறை போட்டு, களைத்துப்போய் வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டிப் பேசாமல், ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறோம்.

கிறிஸ்தவ வாழ்க்கையில் அடிக்கடி கேட்கிற சொல், “கடவுளிடம் உன்னை ஒப்புக்கொடு” என்பது. சைவக் குடும்பங்களில் இதைச் சரணாகதி என்பார்கள். நல்ல சொல்தான். ஆனால் நம் லயங்களில் அது எப்போது வாயில் வருகிறது? கூரைத் தகரம் ஒழுகும்போது, “என்னா செய்றது, எல்லாம் ஆண்டவன் விட்ட வழி” என்கிறோம். பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாலும் அதே பேச்சு. புருஷன் குடித்துவிட்டு அடித்தால், “அது உன் சிலுவை, பொறுத்துக்கோம்மா” என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்களே புத்தி சொல்கிறார்கள்.

இதுதான் ஒப்புக்கொடுத்தலா? இல்லவே இல்லை.

யேசு பாடுபடுவதற்கு முந்திய இரவில் கெத்சமனித் தோட்டத்தில் என்ன செய்தார் என்று பாருங்கள். வருகிற துன்பத்தை நினைத்து அவர் கலங்கினார். “எனக்குக் கவலையே இல்லை” என்று நடிக்கவில்லை. இந்தத் துன்பம் தன்னை விட்டுப் போகவேண்டும் என்று தகப்பனிடம் வாய் திறந்து கேட்டார், திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்டபிறகுதான், உமது விருப்பப்படியே ஆகட்டும் என்று தம்மைக் கொடுத்தார். இந்த ஒழுங்கை நாம் மறக்கக்கூடாது. மனதில் உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேட்பது முதலாவது. கையளிப்பது அதற்குப் பிறகு. கேட்காமலே தலையாட்டுகிறவன் ஒன்றையும் ஒப்புக்கொடுக்கவில்லை. அவன் பயந்துபோய் இருக்கிறான், அவ்வளவுதான்.

நம் கண்டி மலைநாட்டில் வாழ்ந்து மறைந்த ஒருவரையும் பார்ப்போம். புனித யோசேவாஸ் அடிகளார் 1651இல் கோவாவில் பிறந்தவர். குருவான மறுவருஷம், 1677இல், ஒரு பத்திரம் எழுதிக் கையெழுத்து வைத்தார். தேவமாதாவுக்குத் தன்னையே அடிமையாக எழுதிக்கொடுத்த பத்திரம் அது. அந்தத் தாய் வழியாகக் கடவுளுக்கே தன்னைக் கொடுத்துவிட்டார்.

அடிமை என்ற சொல் நமக்குக் கசக்கும். கசக்கத்தான் வேண்டும். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் “துண்டு” என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடனை எழுதிய கடதாசி. கடனைத் தீர்க்காமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறையை 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அந்தக் கடதாசியை நம் ஆட்கள் விரும்பி எழுதவில்லை. மனுசன் மனுசனைக் கட்டிப்போட எழுதியது அது.

யோசேவாஸ் எழுதிய பத்திரம் வேறு மாதிரி. அவரே விரும்பி எழுதினார். அதை எழுதிய பிறகு வேறு எந்த எஜமானுக்கும் அவரைப் பயமுறுத்திக் கட்டிப்போட முடியவில்லை.

அந்தக் காலத்தில் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. கத்தோலிக்கக் குருமார் வரத் தடை. அடிகளார் 1687இல் ஏழைக் கூலியாள் போல உடுத்திக்கொண்டு, ஒரு துணையாளோடு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் நோயும் பசியும். 1692இல் கண்டிக்கு வந்தபோது, போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று சந்தேகப்பட்டுப் பிடித்து அடைத்தார்கள். “கடவுள் விட்ட வழி” என்று அவர் மூலையில் சாய்ந்து கிடந்தாரா? காவலில் இருந்துகொண்டே சிங்களம் படித்தார். நாளடைவில் அரசன் விமலதர்மசூரியனுடைய நம்பிக்கையையும் பெற்றார்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. பயத்தில் சொந்தக்காரர்களே நோயாளிகளை விட்டுவிட்டு ஓடினார்கள். அடிகளார் ஓடவில்லை. புண்ணைக் கழுவினார், கஞ்சி ஊட்டினார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். இன்ன சமயம், இன்ன ஜாதி என்று பார்க்கவில்லை. 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே காலமானார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அப்படியானால் அவர் எதைக் கொடுத்தார்? புத்தியையும் உழைப்பையும் வீசி எறியவில்லை. அவற்றைக் கடவுளின் வேலைக்குத் திருப்பிவிட்டார். “எனக்கு என்ன கிடைக்கும், என்னை யார் மதிப்பார்கள், எனக்கு என்ன ஆகுமோ” என்ற அந்த ‘நான்’ இருக்கிறதே, அதைத்தான் கொடுத்தார். அதைக் கொடுத்தவுடன் பயம் போய்விட்டது. கை இரண்டும் மற்றவர்களுக்காகச் சும்மாவாகி நின்றன.

நாமும் இதைச் செய்யலாம். காலையில் பிரட்டுக்குப் போகுமுன், அடுப்படியில் நின்றபடியே இரண்டு நிமிஷம் செபியுங்கள். மனதை அழுத்துகிற காரியத்தைப் பெயர் சொல்லிக் கடவுளிடம் கேளுங்கள். பிறகு, “இதில் இன்றைக்கு என் பங்கு எது?” என்று யோசியுங்கள். அதைச் செய்யுங்கள். மிச்சத்தை அவர் கையில் விட்டுவிடுங்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் செபிப்பதும் நம் பங்கு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதும் நம் பங்கு. சேமலாப நிதிக் கணக்கில் பிழை இருந்தால் ஆபீசில் போய்க் கேட்பது நம் பங்கு. குடியை விடமுடியாத அண்ணன், “என்னால் தனியாக முடியலை” என்று கடவுளிடமும் வீட்டாரிடமும் சொல்வது அவர் பங்கு. அந்த ‘நான்’ தலைகுனிகிற இடம் அதுதான். அடிபடுகிற தங்கச்சி நம்பிக்கையானவர்களிடம் சொல்லிப் பாதுகாப்பைத் தேடுவது பாவமில்லை. அவள் உயிரும் கடவுள் கொடுத்ததுதானே? அதைக் காப்பாற்றுவதும் அவருக்குக் கீழ்ப்படிவதுதான்.

நம் பங்கைச் செய்து முடித்த பிறகும் நினைத்தது நடக்காமல் போகலாம். பரீட்சையில் பிள்ளை தவறலாம். நோய் தீராமல் போகலாம். அப்போது நெஞ்சு வலிக்கும். அழுவதில் வெட்கமில்லை, யேசுவும் கலங்கினார். அந்த வலியோடேயே, “தகப்பனே, நீர் என்னைக் கைவிடமாட்டீர்” என்று சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்கு எழும்புகிறோமே, ஒப்புக்கொடுத்தலில் கடினமான பகுதி அதுதான். அதை நம் தாய்மார் பலர் சத்தமில்லாமல் செய்துவருகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆகவே கடவுளுக்கு முன்னால் முழங்காலில் நிற்போம். மனுசருக்கு முன்னால் மரியாதையோடு, நிமிர்ந்து நிற்போம்.

ஆண்டவர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.