சட்டமாகும் முன் ஒரு வாரம்



வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். இன்று அது இல்லை.

2024 மே மாதம் பால்நிலைச் சமத்துவச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் பெரிய சண்டை. சட்டமூலத்தை வாசித்தவர் ஒருவருமில்லை. வாசித்து முடித்தபோது காலம் கடந்துவிட்டது. எதிர்த்தவர்களோ நேரத்துக்கு உயர் நீதிமன்றம் போயிருந்தார்கள். மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் இல்லாமல் அதை நிறைவேற்ற முடியாது என்ற தீர்மானத்தை ஜூன் மாதம் சபாநாயகர் அறிவித்தார். அவர்களில் குறை சொல்லமாட்டோம். தங்கள் உரிமையைப் பயன்படுத்தினார்கள். ஆதரித்தவர்களும் இடையீட்டு மனுவோடு வழக்கில் சேரக் கேட்டிருக்கலாம். தூங்கியது நாங்கள்.

சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் வரும், தமிழிலும் வரும். பிறகு பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் இடப்படும். அன்றிலிருந்து ஒரு வாரத்துக்குள், அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரைப்படி, எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கலாம். பிரதி சபாநாயகருக்கும் போகவேண்டும். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தீர்மானம் சொல்லும். சட்டமான பிறகு 80ஆம் உறுப்புரை கதவைச் சாத்திவிடும். இந்தியாவைப்போல, நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க இங்கே இடமில்லை.

மனுவில் அரசியலமைப்புக்கு முரண் என்று மட்டுமே வாதாடலாம். ஒரு சொல் பிழை, ஒரு பாதுகாப்புப் போதாது என்றால் பாராளுமன்ற உறுப்பினரிடம்தான் போகவேண்டும்; குழுநிலையில் திருத்தம் கொண்டுவரலாம். அவருக்கு ஆறு பக்கம் எழுதாதீர்கள். நோயாளியை இன்னொரு வைத்தியரிடம் அனுப்பும்போது நாங்கள் எழுதுவது அரைப்பக்கம். எந்தப் பிரிவு, வார்ட்டில் கண்டது என்ன, எந்தச் சொல்லை மாற்றவேண்டும், அவ்வளவுதான்.

"படியில் விழுந்திட்டன் டொக்டர்" என்று முறிந்த கையோடு வரும் பெண்ணிடம், நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்று இன்று எங்களால் சொல்ல முடிகிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் தானாக வரவில்லை. பெண்கள் அமைப்புகள் ஆண்டுக்கணக்காகக் கேட்டு வந்தது அது.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளே, இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவர்கள் மனுதாரராகலாம். மற்றவர்கள் வாசித்துச் சுருக்கி அனுப்புங்கள். நீங்கள் ஓய்வாக இருக்கும் நேரம் நாங்கள் வார்ட்டில் நிற்போம்.

எங்கள் வகுப்பில் ஐந்து பேர் வெள்ளிக்கிழமைகளில் வர்த்தமானி பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். ஆறாவது ஆள் தேவை. சட்டத்தரணி என்றால் இன்னும் நல்லது.