பசுவைக் கும்பிடுகிறோம், பராமரிக்கிறோமா?

(மாட்டுப் பொங்கலன்று தோட்டக் கலாசார மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் உங்கள் லயத்துப் பக்கமாக வரும்போதே பார்த்தோம். கொட்டிலைக் கழுவிக் கோலம் போட்டிருந்தீர்கள். பசுவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து மாலையும் போட்டிருந்தீர்கள். நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள். எங்கள் ஊரில் இதைப் பட்டிப் பொங்கல் என்றும் சொல்லுவோம். பெயர்தான் வேறே, மனசு ஒன்று. எங்கள் பக்கத்துக் கதைகளைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். சொல்கிறோம், கேளுங்கோ.

போர்த்துக்கேயர் 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள். அந்தக் காலத்தில், யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் பக்கத்தில் உள்ள திருநெல்வேலி என்ற ஊரில் ஞானப்பிரகாசர் என்று ஒருவர் இருந்தார். அதிகாரிகளின் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வீடு முறை வைத்து ஒரு பசு கொடுக்க வேண்டும் என்று கட்டளை பிறந்ததாம். அவருடைய வீட்டு முறையும் வந்தது. பசுவைக் கொலைக்குக் கொடுக்க மனமில்லை. ஆட்சியை எதிர்க்கப் பலமுமில்லை. என்ன செய்தார்? முதல்நாள் இரவே வீடு வாசலை விட்டுப் புறப்பட்டு, கடல் கடந்து இந்தியாவுக்குப் போய்விட்டார். இது எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிற கதை.

போனவர் சும்மா இருக்கவில்லை. வடக்கே கௌட தேசம் வரை போய் வடமொழி படித்தார் என்பார்கள். சிவஞான சித்தியாருக்கு உரை எழுதினார். சிதம்பரத்தில் அவர் பெயரால் ஞானப்பிரகாசர் குளம் இன்றும் இருக்கிறது. ஆறுமுக நாவலரின் முன்னோர்களில் ஒருவர் இவர் என்றும் சொல்லுவார்கள். உங்கள் பாட்டன் பூட்டன்மார் வயிற்றுப்பாட்டுக்காகக் கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்கள். அவர் ஒரு பசுவுக்காக அந்தப் பக்கம் போனார்.

ஒரு பசுவுக்காக ஊரையே விடுவதா என்று இளம்பிள்ளைகள் கேட்கலாம். எங்கள் மண்ணைப் பார்த்தால் விளங்கும். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. கிணற்றுத் தண்ணீரும் செம்மண்ணும்தான். அங்கே தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம் இல்லை. புகையிலை, வெங்காயம், மிளகாய் போடுகிற நிலம். அந்த நிலத்துக்கு உரம் மாட்டுச் சாணிதான். இரவில் மாடுகளைத் தோட்டத்தில் இடம் மாற்றி மாற்றிக் கட்டுவார்கள், நிலம் முழுக்கச் சாணியும் சலமும் சேரட்டும் என்று. உழவுக்கும் மாடு, வண்டிக்கும் மாடு. கோடையில் புல் கருகினால் பனையோலையைக் கிழித்துப் போட்டாவது காப்பாற்றுவார்கள்.

நெற்றியில் பூசுகிற திருநீறு எங்கிருந்து வந்தது? சாணியை உருட்டிக் காயவைத்துச் சுட்டு எடுத்தது. கோயிலில் பஞ்சகவ்வியம் என்கிறோமே, அது பால், தயிர், நெய், கோசலம், சாணி ஐந்தும் சேர்ந்தது. பசு கன்று போட்டால் இளங்கொடியை நாய் இழுக்க விடமாட்டோம். பனையோலை உமலில் வைத்து, ஆலமரம் போலப் பாலுள்ள மரத்தில் கட்டிவிடுவோம். மரத்தில் பால் இருப்பது போலப் பசுவுக்கும் பால் சுரக்க வேண்டும் என்ற நம்பிக்கை.

இன்னொரு சங்கதி. எங்கள் பக்கத்துப் பழைய தெருக்களில், மடத்துக்கும் கேணிக்கும் பக்கத்தில், சொரசொரப்பான கல் ஒன்று நட்டிருக்கும். ஆவுரோஞ்சிக்கல் என்று பெயர். ஆ என்றால் பசு. பசுவுக்கு உடம்பில் தினவு எடுத்தால் அதற்குக் கை இல்லையே, எதிலே சொறியும்? அதுக்காக மனுசர் நட்ட கல். பக்கத்திலேயே சுமைதாங்கி இருக்கும். தலைச்சுமையை இறக்கி வைத்து மூச்சு விட. கூடை சுமக்கிற உங்களுக்கு அதன் அருமை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பசுவின் தினவையும் மனிதனின் பாரத்தையும் சேர்த்து நினைத்தார்கள் பாருங்கோ. அதுதான் எங்கள் சமயம்.

ஆனால் ஒரு வெட்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பசுவுக்குக் கல் நாட்டிய அதே யாழ்ப்பாணத்தில் சாதியைச் சொல்லி மனிதரைக் கோயிலுக்குள் விடாத காலம் இருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போக உரிமை கேட்டுப் போராட்டமே நடந்தது. பசுவைத் தொட்டுக் கும்பிட்ட கை மனிதனைத் தள்ளியது. பசு பக்தி என்ற பெயரில் பக்கத்து வீட்டுக்காரனை, அவன் சாப்பாட்டைச் சொல்லி, சாதியைச் சொல்லி வெறுத்தால் அது பக்தி ஆகாது. இந்த லயத்தில் இந்துவும் இருக்கிறீர்கள், கிறிஸ்தவரும் முஸ்லிமும் இருக்கிறீர்கள். எல்லோரும் ஒரே பீலியில்தான் தண்ணீர் பிடிக்கிறீர்கள்.

இனி எங்கள் வீட்டுக் கதை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி. வலிகாமத்துச் சனம் இரவோடிரவாகத் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தது. மழை வேறே. தெரு முழுக்கச் சனம், ஓர் அடி எடுத்து வைக்கவே நேரம் பிடித்தது. எங்கள் கொட்டிலிலும் ஒரு பசு நின்றது, பால்குடிக் கன்றோடு. கொண்டு போக வழியில்லை. அம்மா படலையைத் திறந்து விட்டு, கழுத்துக் கயிற்றை அவிழ்த்தா. "போ பிள்ளை, எங்கையாவது போய்ப் பிழைச்சுக் கொள்" எண்டு முதுகைத் தடவினா. அது போகவில்லை. எங்களுக்குப் பின்னாலே சந்தி வரைக்கும் வந்தது. 1996இல் திரும்பிப் போனபோது கொட்டிலில் கட்டுத்தறி மட்டும் நின்றது. அன்றைக்கு இப்படிக் கயிறு அவிழ்த்த வீடுகள் எத்தனையோ.

அது கையாலாகாமல் அவிழ்த்த கயிறு. யுத்தம் 2009இல் முடிந்தது. இப்போது யாழ்ப்பாணத் தெருவில் இரவில் போனால் கட்டாக்காலி மாடுகள் படுத்துக் கிடக்கின்றன. பால் வற்றினதும் சில பேர் அவிழ்த்து விடுகிறார்கள். வாகனம் மோதி மாடும் சாகிறது, மனிதரும் சாகிறார்கள். மாடு களவும் நடக்கிறது. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை இணங்கியது. அப்போதும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: வயசான மாட்டை யார் பார்ப்பது? அறுக்கக் கூடாது என்று சொல்வது லேசு. கிழட்டு மாட்டுக்கு ஒரு கட்டுப் புல் போடுவதுதான் பாரம்.

எங்கள் சித்தாந்தத்தில் உயிரைப் பசு என்றும், அதைக் கட்டிய கயிற்றைப் பாசம் என்றும் சொல்கிறார்கள். கடவுள் பதி, பசுபதி. நாமும் கட்டப்பட்ட உயிர், கொட்டிலில் நிற்பதும் கட்டப்பட்ட உயிர். நாம் கட்டினால் அதன் தண்ணீரும் தீனியும் நம் பொறுப்பு.

ஆகவே நாலு விசயம் சொல்லி முடிக்கிறோம்.

ஒன்று, கன்று போட்ட உடனே வருகிற கடும்புப் பாலை முதல் சில மணி நேரத்துக்குள் கன்றுக்குக் குடிக்கக் கொடுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் இருக்கிறது. கறக்கும்போதும் கன்றின் பங்கை மறக்காதீர்கள்.

இரண்டு, பால் கறக்கிற பசுவுக்கு ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது லீற்றர் தண்ணீர்கூடத் தேவைப்படும். பீலிக்குத் தூரம் என்றால் வீட்டிலே ஆம்பிளைகளும் ஒரு வாளி தூக்க வேண்டும். மலையில் கொழுந்து எடுத்து, பின்னேரம் புல்லுக்கட்டும் சுமந்து வருகிற அக்காமார் மேலேயே எல்லாவற்றையும் போடக் கூடாது.

மூன்று, களைமருந்து அடித்த மலையில் புல் அறுக்காதீர்கள். அடித்த நாளைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

நாலு, சினை பிடிக்கவில்லை, பால் வற்றிவிட்டது என்றதும் வியாபாரியைக் கூப்பிட வேண்டாம். முதலில் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். தீனிக் குறைவும் கனியுப்புக் குறைவும்கூடக் காரணமாக இருக்கலாம். பிள்ளையின் படிப்புக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ விற்றவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. கஷ்டம் எங்களுக்கும் தெரியும். ஆனால் நாலு வீடு சேர்ந்து மாதாமாதம் கொஞ்சம் காசு போட்டு வைத்தால், அவசரத்துக்குப் பசுவின் கயிற்றை வியாபாரி கையில் கொடுக்க வேண்டி வராது.

இன்றைக்குப் பசுவின் கழுத்தில் போட்ட மாலை நாளைக்கு வாடிவிடும். நாளைக் காலை பெரட்டுக்குப் போகிற முன்னம் ஒரு வாளி தண்ணீர் வையுங்கள். அதுவும் பூசைதான்.