எச்சரிக்கை யாருக்குச் சென்றது?

(நுரைச்சோலையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

பயங்கரவாதச் செயல் நேருமுன் மக்கள் செய்ய வேண்டியது யாது, நேர்ந்தபின் செய்ய வேண்டியது யாது என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். வெங்காயமும் பீட்ரூட்டும் விளையும் இந்த மணற்பூமியில், கடலை நம்பியும் தோட்டத்தை நம்பியும் வாழ்வோர் நடுவே, இப்பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணலாம். கொழும்பிலே பேச வேண்டியதை இங்கு வந்து பேசுகிறாரே என்று முணுமுணுக்கலாம். அவர்களுக்கு ஒரு நாளை மட்டும் நினைவூட்டுகிறேன்.

2019ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 16ஆம் நாள். இந்தக் களப்புக்கு அக்கரையில், வணாத்தவில்லுப் பகுதியில் ஒரு தென்னந்தோட்டத்தினுள் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர் புகுந்தார்கள். ஏறக்குறைய 100 கிலோகிராம் வெடிமருந்துப் பொருள்களையும் அவற்றை வெடிக்கச் செய்யும் கருவிகளையும் கண்டெடுத்தார்கள். நால்வர் கைதாயினர். மாவனல்லையில் 2018 டிசம்பர் இறுதியில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன அல்லவா? அந்த வழக்கின் நூலைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்தாம் நம் மாவட்டத்துத் தென்னந்தோட்டத்தை அடைந்தார்கள்.

அன்றிலிருந்து எண்ணுங்கள். சரியாக 95ஆவது நாள், ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்தில், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியப் புனித செபஸ்தியார் ஆலயத்தில், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களில் குண்டுகள் வெடித்தன. 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பிலே ஞாயிறு மறைப்பள்ளி முடித்து முற்றத்தில் நின்ற பிஞ்சுக் குழந்தைகள் மாண்டனர். நீர்கொழும்பிலே குடும்பம் குடும்பமாகப் புதைகுழிக்குச் சென்றார்கள்.

இது திடீரென வானத்திலிருந்து விழுந்த இடியா? இல்லை நண்பர்களே, இல்லை! ஏப்ரல் 4ஆம் நாளே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. தலைவனின் பெயர் வந்தது. தேவாலயங்கள் குறிவைக்கப்படலாம் என்ற செய்தியும் வந்தது. ஏப்ரல் 9ஆம் நாள் அச்செய்தி பொலிஸ்மா அதிபரைச் சென்றடைந்தது. ஏப்ரல் 11ஆம் நாள் ஒரு பிரதிப் பொலிஸ்மா அதிபர் அதனைக் கடிதமாக்கி அனுப்பினார். யாருக்கு அனுப்பினார் தெரியுமா? அமைச்சர்களைக் காக்கும் பிரிவுக்கு! நீதிபதிகளைக் காக்கும் பிரிவுக்கு! வெளிநாட்டுத் தூதுவர்களைக் காக்கும் பிரிவுக்கு! செபமாலையும் கையுமாகக் கோவிலுக்குப் போன மீனவப் பெண்ணுக்கு அச்செய்தி போகவில்லை. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வேதம் படிப்பித்த ஆசிரியைக்கும் போகவில்லை. எச்சரிக்கைக்கும் இந்நாட்டில் சாதி பார்க்கப்பட்டது என்றுதான் நான் சொல்வேன்.

ஏன் இப்படி நேர்ந்தது? 2018 ஒக்டோபரில் ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் மூண்ட பூசலுக்குப் பின், பாதுகாப்புச் சபைக் கூட்டத்துக்குப் பிரதமரே அழைக்கப்படவில்லை. பொலிஸ்மா அதிபரும் அழைக்கப்படவில்லை. வீட்டுக்காரர் இருவர் சண்டையிட்டுக்கொண்டிருக்கக் கதவைத் தாழிடுவார் எவரும் இல்லை. 2023 ஜனவரி 12ஆம் நாள் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும். அன்றைய பொலிஸ்மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவரும் தலைக்கு ஏழரைக் கோடி. பாதுகாப்புச் செயலாளர் 5 கோடி. கோடிகளை விடுங்கள்; கடமை தவறியவர் நாட்டின் தலைவரேயாயினும் தம் பணத்தையே கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதே, அதுவன்றோ பெரிது!

இனி, நேர்ந்தபின் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். இங்குதான் நம் மாவட்டம் மீண்டும் கதைக்குள் வருகிறது. மே 12ஆம் நாள் சிலாபத்திலே ஒருவர் முகநூலில் எழுதிய ஒற்றை ஆங்கில வரியை, அது மிரட்டல் என்று தவறாக விளங்கிக்கொண்டார்கள். மறுநாள் குளியாப்பிட்டியவிலும் மினுவாங்கொடையிலும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஊரடங்குச் சட்டம் இருந்த வேளையிலேயே வன்முறை நடந்தது. இந்தப் புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஒரு தச்சுத் தொழிலாளி வெட்டிக் கொல்லப்பட்டார். நோன்பு மாதம்! அவர் எந்தக் குண்டைச் செய்தார்? எந்தக் குண்டுதாரியைக் கண்டார்? குண்டு வைத்தவன் ஏப்ரலில் செத்துப்போனான். அவன் விரும்பிய பகையை மே மாதத்தில் நம்மவர் உயிரோடிருந்து நிறைவேற்றிக் கொடுத்தார்கள்.

அதே ஏப்ரலில் சாய்ந்தமருதில் நடந்ததையும் பாருங்கள். 26ஆம் நாள், ஊருக்குப் புதிதாக வாடகைக்கு வந்தவர்கள் மீது அயலவர் ஐயங்கொண்டனர். அந்த அயலவர் முஸ்லிம்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தினர் விசாரித்தனர்; பொலிசாருக்குத் தகவல் போயிற்று. அன்றிரவு அவ்வீட்டிலே மறைந்திருந்தோர் தம்மையே வெடித்து அழித்துக்கொண்டனர். ஆறு குழந்தைகள் உட்பட 15 பேர் மாண்டனர். அவர்கள் வெளியே வந்திருந்தால் எத்தனை வீடுகள் இழவு வீடாகியிருக்கும்! சொந்த ஊரார் பேசியதால் நின்றது அந்த அழிவு.

ஊரார் எப்போது பேசுவார்கள்? பேசினால் நீதி கிடைக்கும் என்று நம்பும்போது பேசுவார்கள். மதுரங்குளியில் ஆசிரியராயிருந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீமை நீங்கள் அறிவீர்கள். 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூலை எழுதியதற்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பிடித்தார்கள். அந்நூல் வன்முறையை வெறுக்கும் நூல் என்பதைத் தமிழ் தெரிந்தோர் எடுத்துச் சொன்னார்கள். சொல்லியும் என்ன? ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையிலிருந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு கவிதையைப் படிக்கத் தமிழறிந்த அதிகாரி இல்லாத திணைக்களம், ஒரு சதியை மட்டும் எப்படிப் படிக்கும்? 1979இல் தற்காலிகச் சட்டமாக வந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட அச்சட்டம், இளைஞரைப் பிடிப்பதில் காட்டிய வேகத்தைக் கடிதத்தைப் படிப்பதில் எவரும் காட்டவில்லை!

இதைச் சொல்லும் நான், என் பக்கத்துப் பழியையும் சொல்லாமல் இறங்க மாட்டேன். இங்கு அமர்ந்திருப்போரில் பலர் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வந்தவர்கள், அல்லது அவர்களின் மக்கள். யாழ்ப்பாணத்தாருக்கு இரண்டு மணி நேரம் தந்தார்கள். ஏறக்குறைய 75,000 பேர் வடமாகாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டனர். விடுதலைப் புலிகள் அதைச் செய்தார்கள். என் மொழியைப் பேசியே செய்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் நின்றோர் நூற்றுக்கு மேல் கொல்லப்பட்டபோதும் எங்களிற் பலர் வாய் திறக்கவில்லை. வந்தவர்களுக்குச் சோறாக்கிப் போட்டது இந்தக் கரையின் மக்கள். ஆதலால் உங்களுக்குப் பயங்கரவாதம் பற்றிப் பாடம் சொல்ல வந்தவனல்லன் நான். உங்களுக்குத் தெரிந்ததை ஒழுங்குபடுத்திச் சொல்ல வந்தவன்.

உங்கள் ஊரிலே 900 மெகாவாற்று அனல்மின் நிலையம் நிற்கிறது. அதைக் காக்க அரசு இருக்கிறது. ஆயினும் 2020 ஆகஸ்ட் 17ஆம் நாள் நாடே இருண்டதே, அதற்குப் பகைவன் எவனும் வேண்டியிருக்கவில்லை. கெரவலப்பிட்டியில் நிகழ்ந்த ஒரு தவறே போதுமானதாயிற்று. இங்குள்ள இயந்திரங்கள் மீண்டும் முழுமையாக இயங்கப் பல நாளாயின. இருளில் உங்கள் ஆஸ்பத்திரியில் விளக்கு எரியுமா, மருந்து குளிராக இருக்குமா என்று கேட்டு வைத்திருக்கிறீர்களா? தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் மக்கள் வெள்ளமாக வருகிறார்கள். பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்வது இந்த ஒரே பெருவீதி. கூட்டம் கலைந்தோடினால் அம்புலன்ஸ் எவ்வழி வரும்? பங்குத்தந்தையும் பள்ளிவாசல் தலைவரும் கோவில் தர்மகர்த்தாவும் விகாரை நாயக தேரரும் ஒருவர் தொலைபேசி எண்ணை ஒருவர் வைத்திருக்கிறார்களா? இல்லையென்றால் இன்றிரவே வாங்கிக்கொள்ளுங்கள்.

குண்டு வெடித்த இடத்துக்கு வேடிக்கை பார்க்க ஓடாதீர்கள். இரண்டாவது குண்டு கூட்டத்துக்காகவே வைக்கப்படுவதுண்டு. காயம்பட்டவர் பெரும்பாலும் இரத்தப் பெருக்காலேயே சாகிறார். சுத்தமான துணியை மடித்துக் காயத்தில் வைத்து, கை ஓயும்வரை அழுத்துங்கள். எட்டி எட்டிப் பார்க்காதீர்கள். அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. ஏப்ரல் 21இல் இரத்தம் கொடுக்க மக்கள் அலைகடலெனத் திரண்டார்கள். அது நம் மக்களின் பெருமை. ஆனால் இரத்தம் நெடுநாள் இருக்காது. அழைக்கும்போது முறைவைத்துச் செல்லுங்கள். இறந்தவர் படத்தைக் கைத்தொலைபேசியிற் பரப்பாதீர்கள். அவருக்கும் ஒரு தாய் இருப்பாள்.

வணாத்தவில்லுத் தோட்டத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. அதைக் கண்டுபிடித்த அதிகாரிகள் தம் கடமையைச் செய்தார்கள். அச்செய்தி எங்கே நின்றது, யார் மேசையில் உறங்கியது என்று கேட்கும் உரிமை கொழும்புப் பத்திரிகையாளருக்கு மட்டும் உரியதன்று. அடுத்த முறை உங்கள் பாராளுமன்ற உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது கேளுங்கள். பொலிஸ் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். முறைப்பாடு செய்தவனையே சந்தேகத்தில் பிடிக்க மாட்டோம் என்ற உறுதியை எழுத்தில் கேளுங்கள்.

மேடைக்கு இடப்பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். முதலுதவி பழக விரும்பும் வாலிபரும் பெண்களும் பெயர் கொடுங்கள். ஒவ்வொரு தெருவுக்கும் இருவர் வேண்டும். நான்கு சமயத்தவரும் அதில் வேண்டும். எழுதுகோலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு தம்பி நெடுநேரமாகக் காத்திருக்கிறார். அவருக்கு வேலை கொடுங்கள்.